பட்டங்களின் கதை – 9: உடையார்

குரும்பலூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரண்மேல் கிடக்கும் தகரப்பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு சங்கதிகள் கிடைக்கும். ஒன்று மொய் நோட்டு, மற்றது கிரயப் பத்திரக் கட்டு. சரித்திரம் எழுதுகிறவனுக்கு இரண்டாவதுதான் புதையல். மடிப்பு மடிப்பாக இற்றுப்போன முத்திரைத்தாளை மெதுவாகப் பிரித்தால் முதல் வாக்கியம் இந்த வாகில் ஓடும்: 'குரும்பலூர் கிராமத்திலிருக்கும் இன்னார் உடையார் குமாரர் இன்னார் உடையார் அவர்களுக்கு, மேற்படி கிராமத்திலிருக்கும் இன்னார் ரெட்டியார் குமாரர் இன்னார் ரெட்டியார் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம்.' கீழே சொத்து விவரத்துக்கு வந்தால் இன்னார் மூப்பனார் நிலத்துக்குத் தெற்கு, இன்னார் படையாட்சி நிலத்துக்குக் கிழக்கு என்று நான்கெல்லைக்கும் நான்கு பட்டம். கடைசியில் சாட்சிகள், அவர்களுக்கும் பட்டம்.

அதே தாளில் பட்டமே இல்லாமல் வெறும் பெயராக வருகிறவர்களும் உண்டு. 'ர்' விகுதிக்குப் பதில் 'ன்' விகுதியோடு நிற்கிறவர்களும் உண்டு. யாருக்கு 'ர்', யாருக்கு 'ன்' என்பதைப் பத்திர எழுத்தர் யாரிடமும் கேட்டதில்லை. ஊர் அதை அவருக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தது. பட்டங்களின் வரலாற்றைப் பெருமைக் கதையாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த 'ன்'னைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சென்ற இதழில் மூப்பனாரைப் பார்த்தோம். இந்த இதழுக்கு அதன் பங்காளிப் பட்டமான உடையார். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் காதில் அடிக்கடி விழும் பட்டங்களில் இது ஒன்று. இத்தொடரில் இதுவரை பார்த்த பட்டங்கள் எல்லாவற்றையும்விட இது அதிகம் ஊர் சுற்றியிருக்கிறது. கடவுளுக்கு இருந்தது, அரசனுக்கு இருந்தது, காணியாளனுக்கு இருந்தது, மைசூர் அரண்மனையில் இருந்தது, யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகமாகவே இருந்தது.

பொருளில் சிக்கல் இல்லை. உடைமை உள்ளவன் உடையான். மரியாதை சேர்ந்தால் உடையார். உடுக்கிற உடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேட்க வேண்டிய கேள்வி, எதை உடையவர் என்பது. அதற்கான விடை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியது. இந்தப் பட்டத்தின் கதையே அதுதான்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் உடையார் என்றால் முதலில் கோயிலில் இருக்கும் சிவபெருமான். தஞ்சைப் பெரிய கோயில் இறைவன் ஸ்ரீராஜராஜீஸ்வரம் உடையார். கோயிலும் அதன் நிலமும் பொன்னும் அவருடையவை என்பதால் அவர் உடையார். மற்ற எல்லோரும் அவருடைய சொத்தை நிர்வகிக்கிறவர்கள். அதே கல்வெட்டுகளில் மன்னனும் உடையார்தான். முதலாம் இராஜராஜன் 'உடையார் ஸ்ரீராஜராஜ தேவர்' என்றே குறிக்கப்படுகிறான்; அவன் மகனும் 'உடையார் ஸ்ரீராஜேந்திர சோழ தேவர்'. பாலகுமாரன் இராஜராஜனைப் பற்றி எழுதிய பெரிய நாவலுக்கு 'உடையார்' என்று பெயர் வைத்தது இந்த வழக்கைப் பின்பற்றித்தான். வைணவத்திலும் சொல் இதே உயரத்தில் இருந்தது. திருவரங்கத்தில் இராமானுசருக்கு 'உடையவர்' என்று பெயர். இம்மை மறுமை இரண்டின் செல்வத்தையும் உடையவர் என்று விளக்கம் சொல்வார்கள்.

அந்தக் காலத்துப் பெயர் எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம். பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம், அதாவது கோயில் நிர்வாகம், பார்த்த அதிகாரி ஒருவர் நாயன்மார் படிமங்களைச் செய்து வைத்தார். கல்வெட்டு அவரைப் பொய்கை நாடு கிழவன் ஆதித்தன் சூரியன் ஆன தென்னவன் மூவேந்த வேளான் என்கிறது. சூரியன் அவர் பெயர். ஆதித்தன் தகப்பன் பெயர். பொய்கை நாடு கிழவன் என்பது அவருக்கு எங்கே உரிமை என்பதைச் சொல்கிறது. கிழவன் என்றால் வயதானவன் அல்ல, உரிமையாளன். தென்னவன் மூவேந்த வேளான் அரசன் கொடுத்த பட்டம். ஊர், தகப்பன், தான், பட்டம் ஆகிய நான்கும் ஒரே பெயரில் வந்துவிட்டன. அவருடைய மகனுக்கு இதில் பொய்கை நாட்டு உரிமை வாரிசாகப் போயிருக்கலாம். பட்டம் தானாகப் போய்ச் சேராது. அரசன் மறுபடி கொடுத்தால்தான் உண்டு.

இந்தக் கிழவன், கிழான் என்ற சொற்களோடு சேர்ந்து நடந்ததுதான் உடையான். ஊர்ப்பெயரோடு உடையானைச் சேர்த்தால் அந்த ஊரில் காணி உள்ளவன் என்று அர்த்தம். ஜப்பானிய அறிஞர் நொபொரு கரஷிமா, எ.சுப்பராயலு, மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களை ஒன்றுவிடாமல் தொகுத்து 1978-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு கரஷிமா சொன்ன முடிவு இது: பிற்காலச் சோழர் காலத்துக்கு வர வர 'இன்ன ஊர் உடையான்' என்ற பெயர்கள் பெருகுகின்றன, ஊர்ப்பொதுவாக இருந்த நிலம் தனியார் கைக்கு மாறிக்கொண்டிருந்ததன் அடையாளம் அது. பெயர்களை எண்ணிப் பார்த்து நில உடைமையின் வரலாற்றைச் சொன்ன அந்த முறை எனக்கு இன்றும் வியப்பானது.

ஆக, மேலே உடையார், கீழே உடையான். இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி எப்போது போனது? அரசன் போனபோது போனது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழப் பேரரசு முடிந்தபின் 'உடையார்' என்று அழைத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அங்கங்கே தலையெடுத்த தலைவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நூற்றாண்டில் மதுரை சுல்தானியத்தை வென்ற விஜயநகர இளவரசன் குமார கம்பணன் தமிழ்க் கல்வெட்டுகளில் கம்பண உடையார் ஆனான். மைசூர் மன்னர் குடும்பத்தின் ஒடெயர் இதே சொல்லின் கன்னட வடிவம். அந்தக் குடும்பம் தன் ஆட்சியை 1399-இலிருந்து கணக்கிடுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வருவோம்.

இராஜராஜன் இறந்தது 1014-இல். அதே ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி அயர்லாந்தில் டப்ளின் அருகே குளோன்டார்ப் என்ற இடத்தில் நடந்த போரில் பிரையன் போரு என்ற அரசர் கொல்லப்பட்டார். அயர்லாந்தின் சிற்றரசர்களை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவர முயன்றவர் அவர். ஐரிஷ் மொழியில் 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். 'மக்' என்றால் மகன். பிரையனின் வழியினர் தங்களை ஓ'பிரையன் என்று அழைத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப்பெயர் முதலில் வேரூன்றிய நாடுகளில் அயர்லாந்து ஒன்று. 1890-இல் அங்கே பிறந்த குழந்தைகளின் பதிவுகளை வைத்து ராபர்ட் மாதெசன் என்ற பதிவுத்துறை அதிகாரி ஒரு பட்டியல் தயாரித்தார். அதில் மர்பி முதலிடம், கெல்லி இரண்டாமிடம், ஓ'பிரையன் ஆறாமிடம்.

ஒரே ஆண்டில் மறைந்த இரண்டு அரசர்களில் ஒருவரின் இயற்பெயர் குடும்பப்பெயராகி நிலைத்தது. மற்றவரின் இயற்பெயர் யாருக்கும் குடும்பப்பெயர் ஆகவில்லை. அவர் பெயருக்கு முன்னால் நின்ற அடைமொழிதான் ஊர் ஊராகப் போனது. ஐரிஷ்காரர் தன் பெயரில் 'நான் யாருடைய பேரன்' என்பதைச் சுமந்தார். நம் ஆள் சுமந்தது, 'நான் எதை உடையவன்' என்பதை. ஓ'பிரையன் என்று இருப்பவர்கள் எல்லோரும் பிரையனின் இரத்தம் அல்ல என்று அயர்லாந்துக்காரர்களே சொல்வார்கள். தலைவனின் பெயரை அவனை அண்டியிருந்த குடிகளும் எடுத்துக்கொண்டதுண்டு. அங்கேயே அப்படி என்றால், தொடக்கத்திலிருந்தே இரத்தத்தைப் பற்றிப் பேசாத நம் பட்டத்தை வைத்து வம்சம் கணக்கிடுவது எவ்வளவு தூரம் சரி?

சரி, நம் ஊருக்கு வருவோம். பெரம்பலூர் வட்டாரத்தில் உடையார் என்றால் பெரும்பாலும் பார்க்கவ குலத்தாரைக் குறிக்கும். நத்தமான், மலையமான், சுருதிமான் என்று மூன்று பிரிவுகள். உடையார், நயினார், மூப்பனார் என்று மூன்று பட்டங்கள். பிரிவுக்கும் பட்டத்துக்கும் ஊருக்கு ஊர் பொருத்தம் மாறும். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய தொகுதிகளில் 'உடையான்' என்ற தலைப்பின்கீழ் இந்த மூன்று பிரிவினரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

ஆனால் தர்ஸ்டனுக்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் இவர்களே தங்களைப் பற்றிக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் வழியில் பாடாலூருக்கு அருகே இருக்கும் ஊட்டத்தூரில், மூன்றாம் குலோத்துங்கனின் நாற்பதாம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1218-இல் வெட்டப்பட்டது அந்தக் கல்வெட்டு. பேசுகிறவர்கள் சுருதிமான்கள் சேர்ந்திருந்த, இடங்கை என்னும் சாதித் தொகுதியின் தொண்ணூற்றெட்டுப் பிரிவினர். காசியப முனிவரின் வேள்வியைக் காக்க அக்கினி குண்டத்திலிருந்து தோன்றினோம் என்று தொடங்குகிறார்கள். அரிந்தமன் என்ற சக்கரவர்த்தி முனிவர்களைத் தேரில் ஏற்றிக்கொண்டு வந்தபோது நாங்கள் தேரின் பின்பக்கம் உட்கார்ந்து அவர்களுடைய செருப்பையும் குடையையும் எடுத்துவந்தோம். முனிவர்கள் இறங்கும்போது இடப்பக்கம் தாங்கியதால் இடங்கை ஆனோம். திருவெள்ளறை, பாச்சில், திருப்பிடவூர், ஊட்டத்தூர் முதலான ஊர்களில் குடியமர்ந்தோம் என்று கதை போகிறது. நடுவில் அவர்கள் சொல்லும் ஒரு விஷயம் என்னைக் கவர்ந்தது. முன்னோர்கள் அடையாளச் சின்னங்களைக் காட்டிலும் புதரிலும் தொலைத்துவிட்டதால் எங்கள் பூர்வீகம் எங்களுக்கே தெரியாமல் போயிற்று, இப்போதுதான் தெரிந்துகொண்டோம் என்கிறார்கள். தெரிந்துகொண்ட கையோடு ஒப்பந்தம்: இனி ஒரு தாய் தகப்பன் பிள்ளைகள்போல நடப்போம், ஒருவருக்கு வரும் நன்மை தீமை எல்லோருக்கும் உரியது.

அடையாளமாக அவர்கள் வைத்துக்கொண்டது எது தெரியுமா? கொக்கின் இறகும் அவிழ்த்துவிட்ட கூந்தலும். முன்னால் கொம்பும் சங்கும் ஊத வேண்டும். இந்த ஏற்பாட்டை மீறி நடப்பவர்கள் சுருதிமான்களாகக் கொள்ளப்படமாட்டார்கள் என்று கடைசியில் எச்சரிக்கை வருகிறது. பெயர் இங்கே பிறப்பினால் மட்டும் கிடைப்பதல்ல. ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தால் நிலைக்கும், நடக்காவிட்டால் பறிபோகும். வேள்விக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். சிதறிக் கிடந்த குடிகள் ஒன்றுகூடி, தங்களுக்கு ஒரு பொதுப் பூர்வீகத்தை அமைத்துக்கொண்ட நாளைத்தான் அந்தக் கல் பதிந்து வைத்திருக்கிறது. சாதிப் பெயர்கள் ஆதியிலிருந்து அப்படியே வந்தவை என்று நினைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு தேவையில்லை.

உடையார் பட்டம் இந்த ஒரு சமூகத்தோடு நின்றுவிடவில்லை. பானை வனையும் குலாலர்கள் பல ஊர்களில் உடையார். சில ஊர்களில் வேளார். அரியலூர் மாவட்டத்தில் ஓர் ஊரே அந்தப் பட்டத்தில் இருக்கிறது: உடையார்பாளையம். அங்கே பாளையக்காரர்களாகவும் பின்பு ஜமீன்தார்களாகவும் இருந்த குடும்பத்துக்குக் காலாட்கள் தோழ உடையார் என்று பட்டம். காலாட்படை வீரர்களுக்குத் தோழன் என்பது பொருள். காஞ்சியோடு தங்களுக்கு உள்ள தொடர்பைச் சொல்லும் 'கச்சி' என்ற முன்னொட்டும் உண்டு. இவர்கள் வன்னியர். கச்சிக் கலியாணரங்கரின் ஆதரவில் உடையார்பாளையத்தில் சமஸ்தான வித்துவானாக இருந்த கனம் கிருஷ்ணையர், உ.வே.சாமிநாதையரின் உறவினர். ஐயரின் இளமைக்காலத்தில் ஒரு பகுதி அரியலூரிலும் குன்னத்திலும் கழிந்தது என்பதையும் 'என் சரித்திரம்' படித்தவர்கள் அறிவார்கள். இராஜேந்திரன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் இன்று உடையார்பாளையம் வட்டத்தில்தான் இருக்கிறது. சோழ உடையார்களின் தலைநகரம், அவர்களோடு எந்த உறவும் இல்லாத வேறு உடையார்களின் பெயரிலுள்ள வட்டத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

இலங்கையில் கதை வேறு மாதிரி. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் மணியகாரர், உடையார், விதானையார் என்று மேலிருந்து கீழாக அதிகாரிகள் இருந்தார்கள். அங்கே உடையார் ஓர் உத்தியோகம். உடையார் வேலை போனால் பட்டமும் போக வேண்டும். ஆனால் ஊர் வாயில் அது போவதில்லை, 'உடையார் வீடு' என்று நின்றுவிடும். இருபதாம் நூற்றாண்டில் அந்தத் தலைமைக்கார முறையையே ஒழித்தார்கள். வீட்டுப்பெயர்கள் மட்டும் மிஞ்சின.

இந்தப் பட்டங்கள் அயர்லாந்து பாணியில் உண்மையான குடும்பப்பெயர் ஆனது தமிழ்நாட்டில் அல்ல, தென்னாப்பிரிக்காவில். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன்பின் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள். கப்பல் குமாஸ்தா தன் காதில் விழுந்ததை எழுதினான். படையாட்சி 'படையாச்சி' ஆனது. கவுண்டர் 'கவெண்டர்' ஆனது. அப்பனுக்கு எழுதியது மகனுக்கும் பேரனுக்கும் போனது, மகளுக்கும் போனது. இங்கே நம் பத்திரங்களில் பெண்கள் 'இன்னார் உடையார் பாரியாள் இன்னார் அம்மாள்' என்றுதான் வருவார்கள். பட்டம் கணவனோடு நின்றுவிடும். டர்பனில் பெண் மருத்துவரும் பெண் வழக்கறிஞரும் படையாச்சி என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். தமிழ் தெரியாத நான்காம் தலைமுறைக்கு அது சாதியா ஊரா என்பதுகூடப் பெரிய விஷயமில்லை. அவர்களுக்கு அது ஒரு குடும்பப்பெயர், அவ்வளவுதான்.

தாய்நாட்டில் நேர்எதிராக நடந்தது. 1927 டிசம்பரில் பெரியார் தம் பெயரிலிருந்து நாயக்கர் பட்டத்தை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரோடு சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. 1970-களின் கடைசியில் எம்.ஜி.ஆர். அரசு தெருப்பெயர்களின் வாலை வெட்டியது. அயர்லாந்திலும் 'ஓ'வும் 'மக்'கும் விடுபட்ட காலம் உண்டு. ஆங்கிலேயர் கெடுபிடியில் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஓ'பிரையன்கள் பலர் வெறும் பிரையன்கள் ஆனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மொழி உணர்ச்சி எழுந்தபோது இழந்த 'ஓ'வைத் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். அங்கே பட்டத்தை விட்டது அடிமைத்தனம், மீட்டது சுயமரியாதை. இங்கே விட்டதுதான் சுயமரியாதை. ஐரிஷ் 'ஓ'வுக்கு எதிரில் 'ன்' விகுதியோடு யாரையும் நிறுத்திவைக்க வேண்டியிருக்கவில்லை. நம் 'ர்'ருக்கு அது தேவைப்பட்டது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் 'வெளிநாட்டான் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளவில்லையா' என்று வாதாடுவது வீண்.

இன்று குரும்பலூரில் பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் ஆதார் அட்டையிலும் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கிறது. அதற்காகப் பட்டம் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயருக்குப் பின்னால் உயிரோடு இருக்கிறது. மொய் எழுதுகிறவர், ஒரே பெயரில் மூன்று பேர் வந்தால் பிரித்துக்காட்ட அதைப் பயன்படுத்துகிறார். கண்ணீர் அஞ்சலி பேனரில் தவறாமல் வருகிறது. தேர்தல் சமயத்தில் சங்கங்களின் சுவரொட்டிகளில் கொட்டை எழுத்தில் திரும்பி வருகிறது. கூடவே இராஜராஜன் படமும்.

அந்தப் படத்தைப் பற்றி இந்தத் தொடரின் தீர்ப்பு இதுதான்: இராஜராஜனும் உடையார், பானை வனைந்த குலாலரும் உடையார், கம்பணனும் உடையார், யாழ்ப்பாணத்து அதிகாரியும் உடையார், குரும்பலூர்க் காணிக்காரரும் உடையார். இவர்களுக்குள் பொதுவானது ஒரு சொல். அந்தச் சொல்லை வைத்து யாரும் சோழ வாரிசு ஆக முடியாது. பட்டம் பகிர்ந்துகொண்ட வேறு சமூகத்தாரைப் போலி என்று சொல்லவும் முடியாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணைச் சுத்தம் செய்யும்போது பத்திரக் கட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். சொத்து எப்போதோ கைமாறியிருந்தாலும் பரவாயில்லை, முதல் பக்கத்தையும் நான்கெல்லை எழுதிய பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். எந்த ஊரில் யார் எந்தப் பட்டத்தில், எந்த விகுதியில் இருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடைப்பது கடினம்.

அடுத்த இதழில்: அரியலூர் மழவராயர்.

(தொடரும்)